தோள் வலியும் நடுக்குவாதமும்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் களியக்காவிளையைக் கடந்ததும் தமிழ்நாட்டின் எல்லை முடிந்துவிடுகிறது. தமிழ்ப் பேச்சு அங்கே முடிவதில்லை. இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை என்று செல்லும் வழியெங்கும், வீட்டுக்குள் தமிழும் வெளியில் மலையாளமுமாக வாழும் குடும்பங்கள் உள்ளன. 1956 நவம்பர் முதல் தேதியன்று பழைய திருவிதாங்கூரின் தென்பகுதியிலிருந்த அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தபோது, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. அதன் பயனாக அங்குள்ள தமிழர்கள், இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு பிற மாநிலத் தமிழர்களாயினர். பள்ளிக்கூடம், கச்சேரி ஆகியவற்றில் இதனால் விளைந்தவை பலரும் பேசியவை. மருத்துவமனையில் விளைவதைப் பற்றி அவ்வளவாக எவரும் பேசுவதில்லை. அதில் ஒரு சிறு பகுதியை, தோள் வலி என்னும் ஒரே நோக்காட்டைக் கொண்டு, இங்கே விளக்க முயல்கிறேன். டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் குடியிருக்கும் நேயர்களுக்கும் இது பயன்படும். தோள் எங்கும் ஒன்றுதானே.

இந்த எல்லைக் கிராமங்களில் தோள் வலி புதுமையன்று. பலராமபுரத்துக் குழித்தறியில் நாள் முழுதும் நாடாவை எறிந்து பிடிக்கும் நெசவாளிக்கும், பொழியூர்க் கடற்கரையில் வலை இழுப்பவருக்கும், பனையும் தென்னையும் ஏறுபவருக்கும், சந்தைக்குத் தலைச்சுமையாக வாழைக்குலை கொண்டு செல்பவருக்கும் ஒரு வயதுக்கு மேல் தோள் வலிக்காமலிருந்தால்தான் வியப்பு. வலி வந்தவுடன் முறிவெண்ணெயோ தன்வந்தரம் தைலமோ தேய்ப்பார்கள். தென்திருவிதாங்கூர் வர்ம ஆசான்களுக்குப் பெயர் போன நாடாகையால், அடுத்தபடியாக ஓர் ஆசானிடம் தடவச் செல்வார்கள். பெரும்பாலோருக்கு இதிலேயே குணம் கிடைத்துவிடுவதும் உண்டு.

ஐம்பத்தைந்து வயதுள்ள ஒரு நெசவாளியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அவருக்கு வலத்தோளில் வலி. கை மேலே எழவில்லை. ஆறு மாதம் தைலம் தேய்த்தும் குறைவில்லை. தோளுக்குப் படம் பிடித்துப் பார்த்ததில் எலும்பில் குற்றமொன்றுமில்லை என்றார்கள். இதற்கிடையே வீட்டிலுள்ளோர் வேறு சிலவற்றையும் கவனித்திருக்கிறார்கள். சட்டைப் பொத்தான் போட அவருக்கு நேரமாகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் கையெழுத்திடும்போது எழுத்துக்கள் போகப் போகச் சிறுத்துவிடுகின்றன. நடக்கும்போது இடக்கை முன்னும் பின்னும் வீசுகிறது; வலக்கை மட்டும் விலாவோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. முகத்தில் பழைய சிரிப்பு இல்லை. வலியினால் மனிதர் சோர்ந்திருக்கிறார் என்று வீட்டார் சமாதானம் செய்துகொள்கிறார்கள். நடுக்கமோ கொஞ்சங்கூட இல்லை. ஆதலால் பார்க்கின்சன் நோயின் நினைவு ஒருவருக்கும் வருவதில்லை.

நினைவு வராமைக்கு ஒரு காரணம் அந்நோய்க்கு நாம் இட்ட பெயரே என்பது என் கருத்து. தமிழில் அதை நடுக்குவாதம் என்கிறோம். மலையாளத்தில் விறவாதம், விறயல் என்றாலும் நடுக்கமே. ஆயுர்வேத நூல்வழியே வரும் கம்பவாதம் என்ற பெயரும் அதையே சொல்லுகிறது. லண்டன் நகரத்து வைத்தியரான ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் இந்நோயைப் பற்றித் தம் சிறு நூலை வெளியிட்டபோது, அவரும் நடுங்கும் வாதம் என்றே அதற்குத் தலைப்பிட்டார். பிற்பாடு பாரிஸ் நகரில் சால்பெத்ரியேர் மருத்துவமனையிலிருந்த ஷார்க்கோ என்னும் பேராசிரியர், நோயாளிகள் எல்லோரும் நடுங்குவதில்லை, உண்மையான வாதத்தைப் போல் கைகால்கள் வலுவிழப்பதுமில்லை என்று காட்டி அப்பெயரை மறுத்து, பார்க்கின்சன் நோய் என்று வழங்கச் செய்தார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், ஷார்க்கோவின் எச்சரிக்கை நம் சொற்களுக்குள் வந்து சேரவில்லையே என்ற குறை எனக்கு உண்டு. நடுக்கம் இந்நோயின் அடையாளங்களுள் ஒன்று மாத்திரம். அசைவு மந்தமாதல், தசை விறைத்தல் என்ற மற்ற இரண்டும் அதற்கு இளைத்தவையல்ல. தோளில் வலியை உண்டாக்குபவை இவ்விரண்டுமே.

இனி நோயின் இயல்பைச் சுருக்கமாகக் காண்போம். மூளையின் நடுப்பாகத்தில் கருமையான நிறமுள்ள ஒரு சிறு திட்டு இருக்கிறது. அங்குள்ள நரம்பணுக்கள் டோப்பமின் என்ற இரசாயனப் பொருளை உற்பத்தி செய்கின்றன. நாம் நினைத்த அசைவு தடையின்றி, தக்க அளவில், தக்க வேகத்தில் நிகழ்வதற்கு அப்பொருள் வேண்டும். இந்நோயில் அவ்வணுக்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. பாதிக்கு மேல் அழிந்த பிறகே அசைவில் குறை கண்ணுக்குத் தெரிகிறது. பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத்தில் தொடங்கி, சில ஆண்டுகள் கழித்து மறுபக்கத்திற்கும் பரவும். மணம் தெரியாமற் போதல், மலச்சிக்கல், உறக்கத்தில் கனவு கண்டு கைகால்களை உதறுதல் ஆகியவை அசைவுக் குறைக்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே சிலரிடம் தோன்றுவதுண்டு.

தோள் மூட்டு நம் உடலில் மிகுதியான சுழற்சியுடைய மூட்டு. அதைச் சுற்றிலும் ஒரு மெல்லிய உறை தளர்ந்த பையைப் போல் அமைந்திருக்கிறது. கையை உயர்த்தவும் பின்னால் கொண்டுபோகவும் அந்தத் தளர்ச்சி வேண்டும். கை அசையாதிருந்தால் உறை சுருங்குகிறது. சுருங்கிய உறையை இழுத்தால் வலிக்கிறது. வலிக்கிறதென்று மேலும் அசையாதிருக்கிறோம். பார்க்கின்சன் நோயாளிக்கு இந்த வட்டம் அவர் அறியாமலே தொடங்கிவிடுகிறது. நடையில் வீச்சு இல்லை, பேச்சில் சைகை இல்லை. உறங்கும்போதுகூடப் புரண்டு படுப்பது குறைந்துவிடுகிறது. தசை விறைப்பு அத்துடன் சேர்கிறது. முதுகு கூனி, தோள்கள் முன்னே சாய்வதால் மூட்டின் மேற்புறத்திலுள்ள தசைநாண்கள் எலும்புக்கிடையில் நெருக்குண்டு உராய்கின்றன.

இது வெறும் ஊகமன்று. 1989-ல் கனடா தேசத்து மருத்துவர்கள் 150 பார்க்கின்சன் நோயாளிகளையும், ஒத்த வயதுடைய மற்றவர்கள் 60 பேரையும் விசாரித்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். நோயாளிகளில் நூற்றுக்கு 43 பேர் தோள் உபாதை கண்டவர்கள். மற்றவர்களில் நூற்றுக்கு 23 பேர். தோள் அறவே இறுகிப்போகும் நிலை நோயாளிகளிடம் பல மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. அவர்களில் சிலருக்கு அந்த இறுகிய தோளே நோயின் முதல் அறிகுறி. மற்ற அறிகுறிகள் அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்குள் வந்தன. ஆகவே, ஒரு பக்கத் தோள் இறுகி வலிப்பதோடு அதே பக்கத்துக் கை மந்தமாகவும் வீச்சின்றியும் இருக்குமானால், எலும்பு வைத்தியரைப் பார்த்தவர் நரம்பு வைத்தியரையும் ஒரு முறை பார்ப்பது நல்லது. சோதனை மிக எளிது: அவரை முற்றத்தில் பத்தடி நடக்கச் சொல்லி, எதிரே நின்று இரண்டு கைகளையும் பாருங்கள். பெருவிரலையும் சுட்டுவிரலையும் அகல விரித்து மீண்டும் மீண்டும் தட்டச் சொல்லுங்கள். வலிக்கும் பக்கத்தில் வரவர விரிப்பு குறுகினால் அதைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் கூறுங்கள்.

தோள் வலி என்றால் நடுக்குவாதம் என்று எவரும் அஞ்சிவிடக் கூடாது. நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள் இறுகுவது மிகச் சாதாரணம். கேரளத்தில் நீரிழிவோ மிகுதி. எனவே முதலில் இரத்தத்தில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். கழுத்தெலும்புத் தேய்வினால் நரம்பு நெருக்குண்டாலும் வலி தோளுக்கு இறங்கும். நடையில் தள்ளாட்டமுள்ளவர் விழுந்து எலும்பு முறிந்தும் இருக்கலாம். இடத்தோளில் திடீரென்று வலி கண்டு, நெஞ்சு அழுந்தி, வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்தால் அது இருதயத்தின் அழைப்பாக இருக்கக்கூடும். அப்போது தைலத்தைத் தேடாமல் அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்லவேண்டும்.

நோய் இன்னதென்று தெளிந்தபின் வருவதே பெரிய தொல்லை: வலியை எப்படிச் சொல்வது? ஆங்கிலப் படிவத்தில் ஒரே சொல்லை அச்சிட்டு, பூஜ்யம் முதல் பத்து வரை எண் போடச் சொல்லுகிறார்கள். நம் பாட்டிமார்களிடம் கடுப்பு, உளைச்சல், குடைச்சல், பிடிப்பு, விறைப்பு, இழுப்பு, குரக்களி, எரிச்சல், குத்தல், மரத்துப்போதல் என்று தனித்தனிச் சொற்கள் இருந்தன. இவற்றின் வேறுபாடு பார்க்கின்சன் நோய் மருத்துவத்தில் மிகவும் பயன்படுகிறது. ஏனெனில் வலியின் வகையைப் பொறுத்தே மருந்து மாறும்.

அசையாமல் இருந்து எழும்போது தோளிலும் இடுப்பிலும் தெரியும் கடுப்பும் பிடிப்பும் தசை, மூட்டு ஆகியவற்றைச் சேர்ந்தவை. இவை பயிற்சிக்கும் வெப்ப ஒத்தடத்திற்கும் இணங்கும். விடியற்காலையில், இரவு உண்ட மருந்தின் வேகம் ஓய்ந்திருக்கும் நேரத்தில், கால்விரல்கள் தாமே மடங்கிப் பாதம் உட்புறம் திரும்பி இழுத்துக்கொள்வது வேறு வகை; மருந்து நேரத்தையும் அளவையும் மாற்றியமைப்பது இதற்குப் பரிகாரம். கழுத்திலிருந்து விரல் நுனி வரை மின்சாரம் பாய்வது போன்ற குத்தலும் எரிச்சலும் நரம்பு நெருக்கத்தால் வருவன. உடலில் இன்ன இடமென்று சுட்ட முடியாதபடி எரியும் வலியொன்றும் உண்டு. அது மூளையிலேயே பிறப்பதென்று கருதுகிறார்கள். இந்த நான்கையும் 'வலிக்கிறது' என்ற ஒரே சொல்லில் அடக்கினால், நான்குக்கும் ஒரே வலி மாத்திரையே கிடைக்கும்.

எல்லைக் கிராமத்துத் தமிழருக்கு இரு மொழியும் பழக்கமாதலால் தடையில்லை. புதிதாகத் திருவனந்தபுரத்தில் குடியேறியவர்கள் சில சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவர் 'வேதன' உண்டா என்று கேட்டால் மனத்துயரைக் கேட்கிறார் என்று எண்ணிவிடக் கூடாது. மலையாளத்தில் உடல் வலிக்கே அச்சொல். குடைச்சலைக் கடச்சில் என்றும், மரத்துப் போவதை மரவிப்பு என்றும், மரத்து ஊசி குத்துவதுபோல் இருப்பதைத் தரிப்பு என்றும், குரக்களியைக் கோச்சிப்பிடுத்தம் என்றும் சொல்வார்கள். ஹிந்தியோ வங்காளியோ பேசும் ஊர்களில் இருப்போர் அவ்வவ்வூர்ச் சொற்களை அண்டை வீட்டாரிடம் கேட்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். சொல் கிடைக்காவிட்டால், வலி வரும் நேரம், மருந்து உண்ட நேரம், வலி தணிந்த நேரம் ஆகிய மூன்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஏழு நாள் எழுதிக்கொண்டு போனால் போதும். எண்ணுக்கு மொழி கிடையாது.

நேரத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதற்கு இந்நோய்க்குரிய முதன்மை மருந்தின் வரலாற்றைச் சிறிது சொல்லவேண்டும். டோப்பமினை மாத்திரையாக விழுங்கினால் அது மூளைக்குள் புகாது. அதற்கு ஒரு படி முந்திய பொருளான லெவோடோப்பா புகும். புகுந்து அங்கே டோப்பமினாக மாறும். 1961-ல் வியன்னா நகரில் இதை நோயாளிகளுக்கு ஊசி வழியே செலுத்தி நற்பலன் கண்டனர். 1967-ல் அமெரிக்காவில் கோட்சியாஸ் என்பவர் வாய்வழியே சிறுகச் சிறுக அளவைக் கூட்டிக் கொடுக்கும் முறையை நிலைநாட்டினார். இதற்கெல்லாம் முன்பாகவே, 1937-ல், சென்னைச் சர்வகலாசாலையின் உயிர் இரசாயனச் சாலையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் இதே பொருளைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்து அறிவித்திருந்தார்கள். தமிழில் பூனைக்காலி, மலையாளத்தில் நாய்க்குரண. மேலே பட்டால் சொறிந்து மாளாதென்று பிள்ளைகள் அஞ்சி ஓடும் அதே கொடிதான். வைத்திய நூல்கள் அவ்விதையை முன்பே கையாண்டிருக்கின்றன என்பது நமக்குப் பெருமை. ஆயினும் அந்தப் பெருமையை நம்பி, மருத்துவர் தந்த மாத்திரையோடு கடைத்தெருவில் விற்கும் விதைப் பொடியையும் சேர்த்து உண்பது ஆபத்து. இரண்டிலும் இருப்பது ஒரே பொருள். பொடியில் எவ்வளவு இருக்கிறதென்று எவருக்கும் தெரியாது. அளவு மிஞ்சினால் கைகால்கள் தம்போக்கில் நெளியும், குமட்டும், சிலருக்கு இல்லாதவை கண்ணில் தோன்றும். உண்ண விரும்புவோர் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும்.

லெவோடோப்பா உடலில் நெடுநேரம் தங்குவதில்லை. நோய் முதிர முதிர ஒரு வேளை மாத்திரையின் வேகம் மூன்று அல்லது நான்கு மணி நேரத்தில் ஓய்ந்துவிடுவதும் உண்டு. ஓயும்போது விறைப்பு திரும்புகிறது. விறைப்போடு தோள் வலியும் திரும்புகிறது. ஆகவே, தினம் ஒரே நேரத்தில் வலி வந்து மாத்திரை உண்ட சிறிது நேரத்தில் அது அகலுமானால், அங்கே வேண்டுவது வலி மாத்திரையன்று. பார்க்கின்சன் மருந்தின் நேரத்தைத் திருத்துவது. மற்றொரு நுட்பமும் உண்டு. இம்மருந்து குடலில் புரதச் சத்து செல்லும் அதே வாசல் வழியாகவே செல்லுகிறது. மீன், முட்டை, பருப்பு ஆகியவற்றோடு சேர்த்து விழுங்கினால் வாசலில் நெரிசல் ஏற்பட்டு மருந்து பின்தங்கிவிடும். எல்லைக் கிராமங்களின் வழக்கமான உணவாகிய மரச்சீனியும் மீன்கறியும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: மரச்சீனியில் புரதம் மிகக் குறைவு, மீனிலோ நிறைய. மாத்திரையை உணவுக்கு அரைமணி நேரம் முன்னதாக உண்டுவிட்டால் இத்தொல்லை இல்லை. அதற்காக மீனையே விட்டுவிட வேண்டியதில்லை. மெலிந்து போகும் இயல்புள்ள இந்நோயாளிகளுக்குப் புரதம் அவசியம். வெறும் வயிற்றில் குமட்டுமானால் ஒரு ரஸ்க்கோ பிஸ்கோத்தோ சேர்த்துக்கொள்ளலாம். எக்காரணத்தாலும் மருந்தைத் திடீரென்று நிறுத்தலாகாது. ஊருக்குப் பயணப்படும்போது மாத்திரையை ரயில் பெட்டியில் வைக்கும் மூட்டைக்குள் இடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப் பயிற்சிகள். தோளுக்கு மருந்தைவிட இவையே பெரிது என்று துணிந்து கூறலாம். மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பிறகு, அதாவது உடல் இலகுவாக இருக்கும் வேளையில், இவற்றைச் செய்யவேண்டும். முதலில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பதினைந்து நிமிஷம் தோளில் ஒத்தடம் கொடுத்தால் தசை இளகும். நீரிழிவினால் தோலில் உணர்ச்சி குன்றியவர்களுக்கு மற்றொருவர் தம் புறங்கையில் சூட்டைப் பார்த்தே வைக்கவேண்டும்.

கனமான மேஜையைப் பிடித்து, முன்னே சற்றுக் குனிந்து, வலிக்கும் கையைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். கடிகாரத்தின் ஊசற்குண்டைப் போல் முன்னும் பின்னும், பிறகு பக்கவாட்டிலும், பிறகு வட்டமாகவும் மெல்ல ஆட்டுங்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம். குனிந்து நிமிரும்போது தலை சுற்றுபவர் இதை நாற்காலியில் அமர்ந்தே செய்யலாம். அடுத்தது சுவர். சுவரை நோக்கி நின்று இரண்டு விரல்களால் பல்லி ஊர்வது போல் மேலே ஊர்ந்து செல்லவேண்டும். எட்டிய இடத்தில் சாக்குக் கட்டியால் கோடிட்டால், வாரக் கடைசியில் எவ்வளவு உயர்ந்ததென்று நோயாளியே பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவதற்கு, துவர்த்து என்று குமரி மாவட்டத்தில் வழங்கும் குளியல் துண்டு போதும். அதை முதுகுக்குப் பின்னால் குறுக்காகப் பிடித்து, நல்ல கையால் மேலே மெல்ல இழுத்தால் கீழேயுள்ள கை முதுகில் ஏறும். மல்லாந்து படுத்து ஒரு குடையை இரு கைகளாலும் பிடித்துத் தலைக்கு மேல் கொண்டுபோவது நான்காவது. கதவு நிலையின் இருபுறமும் முன்கைகளை ஊன்றி ஓரடி முன்னே சாய்ந்தால் கூனிய மார்பு விரியும். கூனல் குறையாமல் தோள் வலி முற்றும் நீங்காது என்பதால் இதை ஒரு நாளும் விடக்கூடாது.

எல்லாவற்றிலும் அசைவைப் பெரிதாகச் செய்ய வேண்டும். இந்நோயில் மூளை அசைவின் அளவைக் குறைத்தே மதிப்பிடுகிறது. நோயாளி கையை முழுக்க உயர்த்திவிட்டதாக எண்ணுவார். கண்ணாடியில் பார்த்தால் பாதிதான் உயர்ந்திருக்கும். 'இன்னும் பெரிதாக' என்று அருகிலிருப்பவர் சொல்லவேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று உரக்க எண்ணிக்கொண்டு செய்வதும் தாளத்தோடு செய்வதும் அசைவுக்கு ஊக்கம் தருகின்றன. வானொலிப் பாட்டு இதற்கு உதவும் என்று சொன்னால், வானொலிக்கு விளம்பரம் செய்வதாக எண்ணமாட்டீர்கள் என நம்புகிறேன். பயிற்சியின்போது இழுபடும் உணர்வு இருக்கலாம். முடிந்து ஓரிரு மணி நேரத்திற்குப் பிறகும் வலி தணியாவிட்டால் மறுநாள் அளவைக் குறைக்கவேண்டும். தினம் இரண்டு தடவை, பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். ஒரு நாள் ஒரு மணி நேரம் செய்துவிட்டு ஆறு நாள் ஓய்வெடுப்பதால் பயனில்லை. இறுகிய தோள் இளகுவதற்கு ஓராண்டும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம்.

வர்ம ஆசான்களைப் பற்றி முன்னர்க் குறிப்பிட்டேன். எண்ணெயிட்டு மெல்லத் தடவுவதில் தீங்கில்லை, இதமும் உண்டு. இறுகிய தோளை ஒரே இழுப்பில் விடுவிக்கிறேன் என்று முறுக்குவதைத்தான் அனுமதிக்கலாகாது. முதியவர்களின் எலும்பு தேய்ந்திருக்கும். தசைநாண் கிழியவும் எலும்பு முறியவும் கூடும். இதே தவற்றை அன்புள்ள வீட்டாரும் நாள்தோறும் செய்கிறார்கள். கட்டிலிலிருந்து எழ முடியாத தந்தையைக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்குவது, அக்குளில் கைகொடுத்து நிமிர்த்துவது ஆகிய இரண்டும் தோளைப் புண்படுத்துபவை. அவரை ஒரு பக்கமாகப் புரட்டி, கால்களைக் கீழே தொங்கவிட்டு, முதுகுப் பட்டையின் பின்புறம் கைவைத்து எழுப்பவேண்டும். எழுந்ததும் ஒரு நிமிஷம் உட்காரச் செய்யவேண்டும். உடனே நின்றால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும். நிற்கும்போது இடுப்பில் பிடிப்பது நல்லது. சட்டை அணியும்போது வலிக்கும் கையை முதலில் நுழைக்கவும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்கவும் பழக்குங்கள். இரவில் வலிக்கும் தோளின்மேல் படுக்காமல், மல்லாந்து படுத்து முழங்கையின் கீழ் ஒரு சிறு தலையணை வைத்தால் உறக்கம் வரும்.

வலி மாத்திரைகளைப் பற்றிச் சில சொற்கள். பாரசிட்டமால் உரிய அளவில் பெரும்பாலோருக்குத் தீங்கற்றது. மற்ற வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் தாமே வாங்கி உண்டால் வயிறும் சிறுநீரகமும் கெடும். தோள் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்கு நல்ல நிவாரணம் தருகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாட்கள் சர்க்கரை ஏறும் என்பதை முன்னரே அறிந்து போட்டுக்கொள்ள வேண்டும். ரசாஜிலின், செலிஜிலின் என்ற பார்க்கின்சன் மருந்துகளை உண்பவர்களுக்கு டிராமடால், பெத்திடின் என்ற வலி மருந்துகள் ஒவ்வா. பெரும் கேடு விளையக்கூடும். இன்னொரு மறைவான ஆபத்தும் உண்டு. குமட்டலுக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின் ஆகியவையும், தலைசுற்றலுக்குச் சர்வ சாதாரணமாகக் கொடுக்கும் சின்னரிசினும் டோப்பமினின் வேலையைத் தடுப்பவை. இவை விறைப்பை மிகுதியாக்கும். நோயில்லாதவருக்கே நோயின் சாயலை உண்டாக்குவதும் உண்டு. எந்த மருந்துக் கடையிலும் எந்த வைத்தியரிடமும் முதல் வார்த்தையாக 'எனக்குப் பார்க்கின்சன் நோய் இருக்கிறது' என்று சொல்வதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

எங்கே செல்வது என்பது கடைசிக் கேள்வி. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் அரசாங்க மருத்துவமனைகள் உள்ளன. திருவனந்தபுரத்தில் மருத்துவக் கல்லூரி உண்டு. 1980-ல் பாராளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக்கப்பட்ட ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் அசைவுக் கோளாறுகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பெங்களூரில் நிமான்ஸ், டில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் ஆகியவை அந்தந்தப் பக்கத்துத் தமிழர்களுக்கு அணித்து. படுக்கையை விட்டு எழ இயலாதவர்களுக்குக் கேரளத்தில் ஒரு வசதி உண்டு. 2008-ல் அம்மாநிலம் வலி தணிப்புப் பராமரிப்புக்கென ஒரு கொள்கையை வகுத்தது. அதன்படி பஞ்சாயத்தின் மூலம் தாதி வீட்டுக்கே வந்து பார்க்கிறார். 'பாலியேட்டிவ்' என்று அங்கே சொல்லுவார்கள். மரணப் படுக்கையிலுள்ளோருக்கு மட்டுமே அது என்று கருதி ஒதுங்குவோர் பலர். நெடுநாள் நோயாளிக்கும் அது உரியதே. எல்லைக்கு இப்பால் விளவங்கோட்டில் உறவினர் இருந்தால், தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில் வீட்டுக்கு வந்து உடற்பயிற்சி சிகிச்சை அளிக்கும் ஏற்பாடு உண்டென்று அவர்களுக்குத் தெரிவியுங்கள்.

2016-ம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் பார்க்கின்சன் நோய் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்கப்பட்டிருக்கிறது. குடியிருக்கும் ஊரிலேயே விண்ணப்பித்து, அரசாங்க மருத்துவர் பரிசோதித்துக் குறைபாட்டைச் சதவிகிதத்தில் மதிப்பிட்டு, நாடு முழுதும் செல்லும் அடையாள அட்டை பெறலாம். நூற்றுக்கு நாற்பது அளவு இருந்தால் சட்டம் வகுத்த சலுகைகளுக்கு உரிமை உண்டு. பரிசோதனைக்குச் செல்லும் நாளில் வலி நேரமும் மருந்து நேரமும் குறித்த அந்த நோட்டுப் புத்தகத்தை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். காலையில் மாத்திரை உண்டு, அதன் வேகத்தில் கை நன்றாக எழும் வேளையில் மருத்துவர் பார்த்தால், குறையே இல்லையென்று எழுதிவிட நேரும். மாத்திரை உண்ட மணியைச் சொல்லி, அது ஓய்ந்தபின் தோள் எந்த அளவுக்கு எழுகிறதென்பதையும் அவர் பார்த்து எழுதும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.